ஆப்பர்ச்சூனிட்டி கார்டு வேலை அல்ல: பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தனியார் பொறியியல் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும், முதல்வர்களுக்கும், வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

நான் படித்த கல்லூரியின் புதிய சேர்க்கைக் கையேட்டை, அங்கே இறுதியாண்டு படிக்கும் என் சித்தி மகன் அனுப்பியிருந்தான். நடுப்பக்கத்தில் ‘வெளிநாட்டில் பணி நியமனம் பெற்ற எங்கள் மாணவர்கள்’ என்று தலைப்பு. கீழே வரிசையாகப் படங்கள். அந்த முகங்களில் சிலரை எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் கையில்கூடப் பணி நியமனக் கடிதம் இல்லை. கல்லூரி அரங்கில் ஒரு கன்சல்டன்சி நடத்திய கூட்டத்தில் பணம் கட்டி, ஜெர்மனியில் தங்கி வேலை தேட மட்டும் அனுமதி தரும் ஆப்பர்ச்சூனிட்டி கார்டுக்குப் பதிவு செய்துகொண்டவர்கள் அவர்கள். விசாவுக்கே இன்னும் விண்ணப்பிக்காதவர்களின் படங்களும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன். ‘நாங்கள் ஹால் மட்டும்தான் கொடுத்தோம், சேருவதும் சேராததும் மாணவர்களின் விருப்பம்’ என்று பதில் வந்தது. ஒரு கல்லூரியோடு முடிகிற விஷயம் என்றால் அவர்களோடு மட்டும் பேசி முடித்திருப்பேன். ஆனால் சேலம், ஈரோடு, நாமக்கல், திருச்சி, விருதுநகர் என்று பல பக்கங்களிலிருந்து வந்த தம்பி தங்கைகளை இங்கே சந்திக்கிறேன். பலரும் சொல்வது ஒரே கதை: கல்லூரி அரங்கு, கட்டாய வருகை, மேடையில் கோட் போட்ட ஒருவர், கூட்டம் முடிவதற்குள் முன்பணம். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன்.

மாணவர்களை ஜெர்மனிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நானே அந்தக் கார்டில் வந்தவள்தான். விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்து, கொங்குப் பக்கத்து தனியார் கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரிக்கல் முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2024 இறுதியில் ஸ்டுட்கார்ட் பகுதிக்கு வந்தேன். இப்போது கட்டடங்களுக்கு மின் விநியோகப் பலகைகள் வடிவமைக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் இருக்கிறேன். இந்த வழி நல்ல வழிதான். யாருக்கு, எப்போது, என்ன தயாரிப்போடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத்தான் உங்கள் மேடையில் யாரும் சொல்வதில்லை.

முதலில் இந்தக் கார்டு என்ன என்று தெளிவாகப் பேசிவிடுவோம். 2024 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. வேலை தேடுவதற்காக அதிகபட்சம் ஓராண்டு ஜெர்மனியில் தங்க அனுமதி தருகிறது. 2012 முதல் இருந்த ஆறு மாத வேலை தேடும் விசாவின் இடத்தில் கொஞ்சம் தாராளமாக வந்த ஏற்பாடு. அந்த ஓராண்டில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். படிப்புக்கேற்ற வேலை தருவதாக இருக்கும் நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனையாக வேலை செய்து காட்டலாம். வேலை ஒப்பந்தம் கையில் வந்தால் அதற்குரிய அனுமதிக்கு மாறிக்கொள்ளலாம். வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ‘ஒரு வருஷம் முடிஞ்சா ஈஸியா எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாம்’ என்று அரங்கில் சொன்னதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தகுதிக்கேற்ற வேலை ஒப்பந்தம் இல்லாதவருக்கு நீட்டிப்பு கிடையாது.

இந்தக் கார்டு வாங்க இரண்டு பாதைகள். உங்கள் மாணவரின் பட்டம் ஜெர்மானியப் பட்டத்துக்கு இணையானது என்று முழுமையாக ஏற்கப்பட்டால் புள்ளிக் கணக்கே தேவையில்லை. பல்கலைக்கழகமும் பட்டமும் ஏற்கப்பட்டவையா என்பதை ‘அனபின்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதில் தெளிவாக இல்லாவிட்டால் ஜெர்மனியின் அயல்நாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். கட்டணம் 208 யூரோ. விசாக் கட்டணம் 75 யூரோ. இரண்டும் சேர்த்து 283 யூரோ, அதாவது முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். விண்ணப்பத்தை ஜெர்மானிய வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் மாணவரே போடலாம். என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பது அதிலேயே வரிசையாக இருக்கிறது. இந்த வேலைக்குத்தான் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை கட்டியிருக்கிறார்கள்.

பட்டம் அப்படி முழுமையாக ஏற்கப்படாதவருக்கு இன்னொரு பாதை புள்ளிக் கணக்கு. குறைந்தது ஆறு புள்ளிகள் வேண்டும். வயது 35-க்கு மேற்படாதவருக்கு 2. பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் உள்ள படிப்புக்கு 1. பொறியியல் அதில் வருகிறது. மொழித் தேர்ச்சியைத் தொடக்க நிலையான ஏ1-லிருந்து ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று படிப்படியாக அளப்பார்கள். ஆங்கிலம் சி1 நிலையில் இருந்தால் 1. ஜெர்மன் ஏ2-வுக்கு 1, பி1-க்கு 2, பி2-வுக்கு 3. கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு துறை அனுபவம் இருந்தால் 2, கடந்த ஏழாண்டில் ஐந்தாண்டு இருந்தால் 3. நேற்றுப் பட்டம் வாங்கிய ஒரு பிள்ளைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். வயதுக்கு இரண்டு, படிப்புக்கு ஒன்று, ஆங்கிலத்தில் சி1 வாங்கியிருந்தால் ஒன்று. நான்குதான் ஆகிறது. மீதி இரண்டு வேண்டுமானால் உட்கார்ந்து பி1 வரை ஜெர்மன் படிக்க வேண்டும், அல்லது இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு வர வேண்டும்.

இந்த இரண்டு புள்ளி இடைவெளியில்தான் மிக மோசமான வியாபாரம் நடக்கிறது. ஒரு தம்பி தன் ஆவணங்களை என்னிடம் காட்டினான். அவன் வாசலைக்கூட மிதிக்காத ஒரு நிறுவனத்தின் பெயரில் இரண்டாண்டு அனுபவச் சான்றிதழ். ‘இது எப்படிடா?’ என்றேன். ‘பேக்கேஜ்ல வந்துச்சுக்கா’ என்றான். உங்கள் அரங்கில், உங்கள் கல்லூரி முத்திரை போட்ட மேசையில் பணம் கட்டி வாங்கிய பேக்கேஜ். போலி ஆவணம் தெரியவந்தால் விசா மறுக்கப்படும். விசா கிடைத்தபிறகு தெரியவந்தாலும் அனுமதியைத் திரும்பப் பெறுவார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை எந்த நாட்டுத் தூதரகத்தில் போய் நின்றாலும் பழைய கேள்வி முன்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் கன்சல்டன்சிக்காரர் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார். மறுப்புப் பதிவில் மாணவனின் பெயர்தான் இருக்கும்.

விண்ணப்பத்தில் கோளாறு செய்தால் முன்பு ஒரு வழி இருந்தது. விசா மறுக்கப்பட்டால், கட்டணம் ஏதும் இல்லாமல் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அந்த நடைமுறையை உலகம் முழுவதும் நிறுத்திவிட்டது. இப்போது மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வேலைக்குப் போகும் ஒரு அப்பா பெர்லினில் வழக்குப் போடுவாரா? அரைகுறையாக ஒரு கோப்பைத் தயாரித்து அனுப்புவதன் விலை முன்னைவிடக் கூடிவிட்டது. இந்த மாற்றம் பற்றி உங்கள் மேடையில் ஒருவராவது பேசினாரா?

அடுத்து பணம். ஓராண்டுச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ. மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் போடுவதென்றால் ஓராண்டுக்கு 13,092 யூரோ, நம் பணத்தில் 13 லட்சம் ரூபாய்க்கு மேல். இது மாணவரின் சொந்தப் பணம்தான், மாதாமாதம் அவருக்கே வரும். ஆனால் வந்த வேகத்தில் வாடகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். ஆண்டு முடிவில் அதில் எதுவும் மிஞ்சாது. இந்த 13 லட்சம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? நிலப் பத்திரம், அம்மாவின் நகை, மாமாவின் ஜாமீன். கன்சல்டன்சியே ‘லோன் ஏற்பாடு’ செய்து தருகிறது, வட்டி மட்டும் ஊர் வட்டி.

‘அங்க போனதும் பார்ட் டைம்ல சம்பாதிச்சுடலாம்’ என்பது அரங்கில் அதிகம் கைதட்டல் வாங்கும் வரி. கணக்குப் போடுவோம். 2025-ல் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 1,100 யூரோ, பிடித்தத்துக்கு முன். ஸ்டுட்கார்ட்டில் நான் முதலில் இருந்த பகிர்வு வீட்டு அறையின் வாடகையே அதில் பாதியைத் தாண்டியது. அந்தப் பகுதிநேர வேலையும் இறங்கிய மறுநாள் கிடைத்துவிடாது.

என்னோடு அதே வீட்டில் கொஞ்ச நாள் இருந்த திண்டுக்கல் பக்கத்துத் தம்பியின் கதையைச் சொல்கிறேன். அவன் பெயர் வேண்டாம். கல்லூரி முடித்த கையோடு வந்தவன். பேக்கேஜில் ‘தங்குமிடம்’ உண்டு என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். வந்து பார்த்தால் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கட்டில், நகராட்சியில் முகவரி பதிய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டார். இங்கே குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாவிட்டால் வரி எண் தபாலில் வராது. வரி எண் இல்லை என்றால் பகுதிநேர வேலை தருபவர் தயங்குவார், தந்தாலும் அதிகபட்ச வரியைப் பிடிப்பார். ஒரு கையெழுத்து இல்லாததால் அவனுடைய முதல் மாதங்கள் அப்படியே போயின. வேறு வீடு பார்க்கலாம் என்றால், வாடகைக்கு விடுபவர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், கடன் நாணயச் சான்றும் கேட்பார்கள். வேலை தேடி வந்தவனிடம் இரண்டும் எப்படி இருக்கும்?

அவனிடம் ஜெர்மன் ஏ1 சான்றிதழ் இருந்தது. ‘ஏ1 போதும்’ என்று சொல்லியிருந்தார்கள். விசாவுக்கு அது போதும் என்பது உண்மை, ஆங்கிலம் பி2 இருந்தால் அதுகூட வேண்டாம். அந்த உண்மையை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். விசாவுக்குப் போதும் என்பதை வேலைக்கும் போதும் என்று கேட்பவர் காதில் விழும்படி சொல்கிறார்கள். அவன் மெக்கானிக்கல். அவன் துறையில் இங்கே வரும் விளம்பரங்களை ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். பி2, சி1, ‘சரளமான ஜெர்மன்’ என்றே திரும்பத் திரும்ப வந்தது. ஐடியில் ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற வேலைகள் சில உண்டு. அவற்றுக்கு உலகம் முழுக்க இருந்து அனுபவசாலிகள் விண்ணப்பிக்கிறார்கள்.

நான் பி2 முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அப்படியும் முன்னறிவிப்பில்லாமல் வரும் தொலைபேசி அழைப்புகளில், இந்தப் பகுதியின் வட்டார வழக்கான சுவாபியப் பேச்சில், பாதி புரியாமல் திணறினேன். இப்போது வேலை பார்க்கும் நிறுவனம் ஒரு வாரம் சோதனையாக வேலை செய்ய அழைத்தது. என் வரைபடங்களை அவர்கள் அதிக நேரம் பார்க்கவில்லை. கட்டடத்தில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன்களோடு நின்று பேசி, அவர்கள் சொல்வதைப் புரிந்து, திருத்தத்தைக் குறித்துக்கொண்டு வர முடிகிறதா என்றுதான் பார்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் அனுபவமும் மொழியும் சேர்ந்துதான் எனக்கு வேலை வாங்கித் தந்தன. திண்டுக்கல் தம்பியிடம் இரண்டும் இல்லை. அறிவில் அவன் எனக்குக் குறைந்தவன் இல்லை. தவறான நேரத்தில் அனுப்பப்பட்டான், அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்கச் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். ஆண்டு முடிந்ததும் கடனோடு திரும்பினான். அவன் ஊர் பேருந்து நிலையத்தில் ‘ஜெர்மனியில் பணி நியமனம்’ என்று அவன் படத்தோடு அவன் கல்லூரி வைத்த ஃபிளெக்ஸ் அப்போதும் கழற்றப்படாமல் இருந்தது. இரண்டு மாதம் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று அவனுடைய அம்மா என்னிடம் தொலைபேசியில் அழுதார். அந்த ஃபிளெக்ஸுக்குக் காசு கொடுத்தது கன்சல்டன்சி இல்லை. கல்லூரி.

ஜெர்மனியில் ஆள் பற்றாக்குறை என்பது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. செவிலியர், முதியோர் பராமரிப்பு, எலெக்ட்ரீஷியன், கட்டடத் தொழில் என்று பல துறைகளில் ஆள் வேண்டும். இந்தியாவோடு 2022 டிசம்பரில் குடிபெயர்வு ஒப்பந்தம் போட்டார்கள். 2024 அக்டோபரில், திறன் பெற்ற இந்தியர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக ஜெர்மானிய அரசு அறிவித்தது. இதெல்லாம் உங்கள் மேடையில் ஸ்லைடாக வருகிறது. கூடவே வரவேண்டிய இன்னொரு ஸ்லைடு வருவதில்லை. உங்கள் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மாணவர்கள் கனவு காணும் அதே வாகனத் துறையில், உதிரிபாகம் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம் 2028-க்குள் ஜெர்மனியில் 14,000 இடங்கள் வரை குறைப்பதாக 2024-ல் அறிவித்தது. ஃபோக்ஸ்வேகன் 2030-க்குள் 35,000-க்கும் மேல் குறைக்க அதே ஆண்டு டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்தது. 2025 செப்டம்பரில் போஷ் மேலும் 13,000 என்றது. 2025 ஆகஸ்டில் ஜெர்மனியின் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்தாண்டுகளில் முதல் தடவையாக 30 லட்சத்தைத் தாண்டியது. அனுபவமும் தாய்மொழியும் உள்ள உள்ளூர் பொறியாளர்கள் வேலை தேடும் இந்த நேரத்தில், அனுபவமில்லாத ஒரு பிள்ளையை ஏ1 ஜெர்மனோடு அவர்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

இன்னொன்று. இந்தியாவில் இருந்தபடியே விண்ணப்பித்து வேலை வாங்கிவிட்டால் இந்தக் கார்டே தேவையில்லை. நேராக வேலை விசா கிடைக்கும், முடக்கக் கணக்கும் வேண்டாம். பட்டம் வாங்கி மூன்றாண்டுக்குள் இருப்பவருக்கு, பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான நீலக் கார்டுக்கு (ப்ளூ கார்டு) 2025 ஊதிய வரம்பு ஆண்டுக்கு 43,759.80 யூரோ. பொது வரம்பான 48,300 யூரோவைவிடக் குறைவு. ஓரிரு ஆண்டு நம்மூரில் வேலை பார்த்து, பி2 முடித்து, காணொலி நேர்காணல் வழியாக வந்தவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். இதை யாரும் மேடையில் சொல்லாததற்குக் காரணம் எளிது. இதில் விற்பதற்குப் பேக்கேஜ் எதுவும் இல்லை.

‘ஹால் மட்டும்தான் கொடுத்தோம்’ என்ற பதிலுக்கு இப்போது வருகிறேன். ஹாலை மட்டும் நீங்கள் கொடுக்கவில்லை. மாணவர்களின் தொலைபேசி எண்களையும் பெற்றோரின் எண்களையும் கொடுத்தீர்கள். வராதவர்களுக்கு வருகைப் பதிவில் கை வைப்போம் என்றீர்கள். மேடையில் முதல்வரே சால்வை போர்த்தினார். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலைப் பார்த்த ஒரு குடும்பத்துக்கு, கல்லூரி அழைத்து வந்த ஆள் என்றால் கல்லூரியே உத்தரவாதம் கொடுத்த மாதிரி. ‘காலேஜ்லயே சொன்னாங்க’ என்பதுதான் அந்த அப்பா அம்மா நிலத்தை அடகு வைத்ததற்கான ஒரே காரணம். இந்த நம்பிக்கையைத்தான் கன்சல்டன்சிக்காரர்கள் உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

சட்டத்தைப் பார்த்தாலும் நீங்கள் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகவோ வாங்க உதவுவதாகவோ விளம்பரம் செய்வதையும் ஆட்சேர்ப்பு என்றே வகைப்படுத்துகிறது. ஆட்சேர்ப்பு முகவர் என்றால் மத்திய அரசிடம் பதிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அவர் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கிறது. உங்கள் கேன்டீன் ஒப்பந்தக்காரரிடம்கூட உணவுப் பாதுகாப்பு உரிமம் கேட்கிறீர்கள். இந்தக் கன்சல்டன்சிக்காரர்களிடம் பதிவு எண் கேட்டீர்களா? கேட்டால் ‘நாங்க ரெக்ரூட்மென்ட் இல்ல சார், விசா கைடன்ஸ் மட்டும்’ என்பார்கள். அப்படியானால் சுவரொட்டியில் ‘வேலை உறுதி’ என்று ஏன் போட்டார்கள், அதை உங்கள் அறிவிப்புப் பலகையில் ஏன் ஒட்டவிட்டீர்கள்? பஞ்சாபில் 2012-லேயே சட்டம் கொண்டுவந்து, விசா ஆலோசகர்களுக்கும் பயண முகவர்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கினார்கள். அப்படி ஒன்று இங்கேயும் வேண்டும் என்று அரசிடம் கேட்பது தனி மடலுக்குரிய விஷயம். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் கேட்கிறேன்.

முதலாவதாக, வேலை ஒப்பந்தம் கையில் இல்லாத எந்த மாணவரையும் ‘பணி நியமனம் பெற்றவர்’ பட்டியலில் வைக்காதீர்கள். அச்சிட்ட கையேட்டைத் திரும்பப் பெற்று, இணையதளத்தில் திருத்திய பட்டியலைப் போடுங்கள். ஃபிளெக்ஸ்களைக் கழற்றுங்கள். மே மாதம் பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பப் பதிவு தொடங்கும்போது பெற்றோர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குள் இது நடக்க வேண்டும்.

கன்சல்டன்சிகளோடு நீங்கள் போட்ட ஒப்பந்தங்களை வெளியிடுங்கள். சில இடங்களில் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கல்லூரிக்குப் பணம் போவதாகப் பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை என்றால் ஒப்பந்தத்தை வெளியிடுவதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. உண்மை என்றால், அந்தப் பணத்தை மாணவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

வளாகத்துக்குள் வெளியார் யாரும் மாணவர்களிடம் பணம் வாங்க அனுமதிக்காதீர்கள், வருகைப் பதிவைக் காட்டி உட்கார வைக்காதீர்கள், தொலைபேசி எண்களைக் கொடுக்காதீர்கள். கூட்டம் நடத்த வேண்டும் என்றால் இங்கே வேலை கிடைத்தவர்களையும் கிடைக்காமல் திரும்பியவர்களையும் ஒரே மேடையில் பேச விடுங்கள். என்னைக் கூப்பிட்டால் காணொலியில் வருகிறேன், கட்டணம் வேண்டாம். இன்னும் பலர் வருவார்கள். பெற்றோரை அழையுங்கள். அரசுக் கட்டணம் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு காட்ட வேண்டும், ஓராண்டில் வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று தமிழில் ஒரே தாளில் அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். ஜெர்மானிய அரசின் ‘மேக் இட் இன் ஜெர்மனி’ தளத்தில் தகுதியைத் தாங்களே சோதித்துப் பார்க்கும் வசதி இலவசமாக இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கென்று மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. மேடைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் அவர்களைக் கேளுங்கள்.

உண்மையாகவே மாணவர்களை அனுப்ப விரும்பினால் இரண்டாம் ஆண்டிலிருந்து ஜெர்மன் கற்றுக்கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், சம்பளம் கொடுத்து நல்ல ஆசிரியர், பி1 வரை. தேர்வு வெளியில் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் நடக்கட்டும். மூன்றாண்டு கிடைத்தால் நம் பிள்ளைகள் பி1 தாண்டி பி2 வரைக்கும் போவார்கள். ஆறு வாரக் ‘கிராஷ் கோர்ஸ்’ ஏ1-ஐ வைத்துக்கொண்டு இங்கே ஒரு ரொட்டிக் கடையில்கூட நிம்மதியாகப் பேச முடியாது.

கடைசியாக, ஏற்கெனவே உங்கள் அரங்கில் பணம் கட்டிவிட்ட மாணவர்களைப் பற்றி. இது எல்லாவற்றையும்விட அவசரம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் கோப்பில் போலி அனுபவச் சான்று ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விண்ணப்பம் போவதற்குள் நிறுத்துங்கள். விலக விரும்புகிறவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க, கல்லூரியின் பெயரில் கன்சல்டன்சிக்கு எழுத்துமூலம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் மாணவர்களைத் தனியாக விடாமல், காவல் நிலையத்துக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் கல்லூரியே சேர்ந்து புகார் கொடுக்கட்டும். எத்தனை பேரிடம் பேசினீர்கள், எத்தனை பேருக்குப் பணம் திரும்பியது என்று இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரியின் முன்னாள் மாணவி ஒருத்தி,
ஸ்டுட்கார்ட் பகுதி, ஜெர்மனி